பையனுக்கு 98, மாமனாருக்கு 92: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது

உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன், மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தும்விட்டீர்கள். இங்கே எழுதுவது, இந்த 2021 மே மாத ஊரடங்கில் இதே குழப்பத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக.

பால் பாக்கெட்டை எப்படிக் கழுவுவது என்று ஆரம்பித்துப் பதினொரு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒன்பதாவதாக, போகிற போக்கில் இது: மாமனாருக்கு 67 வயது, சுகர் உண்டு, கொரோனா உறுதியாகிக் காய்ச்சலில் ஏழாவது நாள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 92 காட்டுகிறது. ஆனால் நன்றாகப் பேசுகிறார், மூன்று இட்லி சாப்பிட்டார். பையன் விரலில் வைத்தால் 98 வருகிறது, மெஷின் கோளாறா?

மெஷின் கோளாறு என்றால் பையனுக்கும் ஏறுமாறாகக் காட்டியிருக்குமே! நீங்களே பரிசோதனை செய்து, நீங்களே விடையையும் கண்டுபிடித்துவிட்டு, அதை நம்ப மனமில்லாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

மூச்சு வாங்கவில்லையே என்று கேட்பீர்கள். 'இழுத்து மூச்சு விடு' என்று மூளையை விரட்டுவது பெரும்பாலும் உடம்பில் சேரும் கரியமில வாயுதான். இந்த நோயில் ஆரம்பத்தில் அது தடையில்லாமல் வெளியே போய்விடுகிறது, ஆக்சிஜன் மட்டும் உள்ளே போவது குறைகிறது. அதனால் மனிதர் டிவி பார்த்துக்கொண்டே சரிந்துகொண்டிருப்பார். இட்லிக் கணக்கை வைத்து நுரையீரலை எடை போடாதீர்கள்.

ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டுங்கள். எண் நிலைக்கும்வரை பொறுங்கள். மருதாணி, நகப்பூச்சு இருந்தால் வேறு விரல். 94க்குக் கீழே என்றால் அன்றே ஆஸ்பத்திரி. 94 அல்லது அதற்கு மேல் இருந்தால், கூடத்துக்கும் வாசலுக்குமாக ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். நடந்த பிறகு 94க்குக் கீழே போனாலோ, மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ அதுவும் எச்சரிக்கைதான். ஏற்கெனவே 92 இருப்பவரை நடக்கவிட்டுச் சோதிக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை, முடிந்தால் குப்புறப் படுக்கட்டும்.

"போனால் திரும்பி வரமாட்டார்" என்று எழுதியிருந்தீர்களே, மற்ற பத்துக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது அதுதான். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்பதை நானும் தினமும் பார்க்கிறேன், பயம் நியாயமானது. ஆனால் நாங்கள் அதிகம் திணறுவது 75, 80 என்று இறங்கியபின் தூக்கி வரப்படுகிறவர்களிடம். 92இல் வருகிறவருக்கு முகத்தில் மாட்டும் சாதாரண ஆக்சிஜனே பல நேரம் போதும். படுக்கை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஊரடங்கு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுக்காது.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த யாருடைய மருந்துச் சீட்டையோ காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கி, மூன்றாம் நாளிலிருந்து கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் உயிரைக் காக்கும் மருந்து அது. தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்று 2020லேயே இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. சுகர்காரருக்கு அது சர்க்கரையை எகிறவைக்கும். இப்போது எல்லோரும் அலறும் கருப்புப் பூஞ்சை நுழைவது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். ஒரு பக்கம் மூக்கடைப்பு, கன்னத்தில் வலி, கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, இவை அந்தப் பூஞ்சையின் அறிகுறிகள்; வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு இதைக் கவனியுங்கள்.

மற்றவை சீக்கிரம். பால் பாக்கெட்டைத் தண்ணீரில் அலசினால் போதும். வண்டியில் வரும் காய்கறிக்கும் தண்ணீர்தான். சோப்பு போட்டால் சாம்பார் நுரைக்கும். செய்தித்தாளை இஸ்திரி போட வேண்டாம். கற்பூரமும் ஓமமும் முடிந்த துணியை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறாது. கற்பூரம் சாமிக்கு இருக்கட்டும். கபசுரக் குடிநீரைக் குடிக்கிறவர் குடிக்கட்டும், எனக்குச் சண்டையில்லை. அதைக் குடித்த தைரியத்தில் எண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

அப்புறம், போன வருடம் கொரோனா வந்த எதிர்வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடியதை நினைத்து, மாமனாரின் வேட்டியைக்கூட மொட்டைமாடியில் காயப்போடாமல் சமையலறைக் கொடியில் போட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்கள் யாரும் இப்போது வெளியே போகக் கூடாது; மருந்தோ அரிசியோ யாராவது வாசல் கேட் அருகில் வைத்துவிட்டுப் போக வேண்டுமே.

உங்கள் தொண்டை அரிப்புக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை ஆவி பிடிப்பதே காரணமாக இருக்கலாம். அதை நிறுத்துங்கள். ஆனால் அதே வீட்டில் இருந்தவர் நீங்கள், நாளைக்கே டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.