நர்ஸை நீக்கும் கடிதத்தோடு பணமும் போக வேண்டும்

கேள்வி: காட்பாடியில் 60 படுக்கை மருத்துவமனை நடத்துகிறோம். 4 வருடம் 9 மாதமாக இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டிக்குத் தாமதமாக வருகிறார், சீனியர்களை எதிர்த்துப் பேசுகிறார். இரண்டு வருட அப்ரைசலிலும் 100க்கு 42தான். விடுதி, பயிற்சி எல்லாம் கொடுத்தும் நன்றி இல்லை. சம்பளம் 18,200 (அடிப்படை, பஞ்சப்படி மட்டும்). ‘திருப்தியற்ற பணி’ என்று கடிதம் கொடுத்து நிறுத்தலாமா? ஒரிஜினல் சான்றிதழ்கள் எங்களிடம்தான் உள்ளன.

பதில்: நன்றியும் விடுதியும் லேபர் கோர்ட்டில் எடுபடாது. கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தாரா என்பதுதான் கேள்வி. பார்த்திருக்கிறார், அதனால் சட்டப் பாதுகாப்பு உண்டு. இனி இரண்டே வழி: குற்றச்சாட்டு மெமோ கொடுத்து, விசாரணை நடத்தி, தண்டனையாக நீக்குவது, அல்லது ஆட்குறைப்பு, அதாவது தண்டனையாக இல்லாமல் இழப்பீடு கொடுத்து நிறுத்துவது. உங்கள் கடிதம் இரண்டிலும் சேராது. குறை சொல்கிறது, விசாரணை இல்லை. வேலையை விட்டு அனுப்புகிறது, பணம் இல்லை.

மருத்துவமனைகள் வழக்கமாக விழும் குழி அந்தப் பணம்தான். “நோ டியூஸ் முடித்துவிட்டு வந்து அக்கவுண்ட்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு நீக்கும் நேரத்திலேயே கைக்குப் போக வேண்டும். பிறகு கொடுத்தால் நீக்கமே செல்லாது. பம்பாய் அரசு மருத்துவமனை வார்டு ஊழியர்கள் வழக்கில் 1960லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. செல்லாது என்றால் மீண்டும் வேலை, இடைப்பட்ட காலத்துச் சம்பளம். வழக்கு நீள நீள அந்தத் தொகையும் ஏறும். இவருக்குப் பின் சேர்ந்த நர்ஸ்களை வைத்துக்கொண்டு இவரை மட்டும் அனுப்பினால், அதற்கும் காரணம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்ரைசலை நம்பாதீர்கள். அதில் அவர் கையெழுத்து இருக்கிறதா? 42 போட்ட வருடம் இன்கிரிமெண்ட் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் குறுக்கு விசாரணையில் அந்தப் படிவம் அவர் பக்கம் பேசும். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தர அங்கீகாரம்) ஆய்வுக்காக ஒரே நாளில், ஒரே பேனாவில் நிரப்பிய படிவம் என்றால் கோர்ட்டுக்கே கொண்டு போக வேண்டாம்.

சான்றிதழ்களை இன்றே ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அவற்றைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

சமரசம் செய்யுங்கள். நோட்டீஸ் சம்பளம் ஒரு மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடக் கணக்கு. ஆகவே ஐந்து வருடத்துக்கு 75 நாள் இழப்பீடு. இரண்டும் சேர்ந்து 63,700. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் தாண்டினாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் 1998 தீர்ப்பு, அது 52,500. மொத்தம் 1,16,200. இது சட்டப்படியே போக வேண்டிய பணம். மேலே இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துப் பேசுங்கள்.

எச்.ஆர். அறையில் உட்கார வைத்து, டைப் செய்த ராஜினாமாவை நீட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். மறுநாளே “மிரட்டி வாங்கினார்கள்” என்று மனு போகும். ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். வீட்டாரை அழைத்து வரட்டும். ஒப்பந்தம் தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் ஆகட்டும். பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும், அனுபவச் சான்றிதழில் அப்ரைசல் மதிப்பெண் ஏறவே கூடாது.