பழைய நூலகத்தை இடிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டெல்டாவில் ஒரு சிறிய நகராட்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் கிளை நூலகத்தை இடிக்கப்போகிறார்கள். ஆறாம் வகுப்பில் அங்கே உறுப்பினரானேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் காலையில் அங்கேதான் பேப்பர் படிக்கிறேன். ஓட்டுக் கட்டடம். ஐப்பசி மழையில் இரண்டு மூலைகளில் ஒழுகும். பீரோக்களை நகர்த்தி வைத்துச் சமாளிப்பார்கள். அதே இடத்தில் இரண்டு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நூலகமும் போட்டித் தேர்வுப் படிப்பகமும் சேர்ந்த புதுக் கட்டடம் வருகிறது. படத்தை நகராட்சி அலுவலக வாசலில் பேனராக வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நகைக்கடை மாதிரி இருக்கிறது.

பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தாலே போதும் என்று வாசகர் வட்டத்தில் சிலர் கலெக்டருக்கு மனு தயாரித்திருக்கிறார்கள். மனுவை என் மகளிடம் காட்டினேன். "இடிக்கட்டும்ப்பா. நான் அதுக்குள்ள ரெண்டு தடவைக்கு மேல வந்ததே இல்ல" என்றாள். நிறையப் படிக்கிற பெண் ஐயா அவள். அவள் அப்படிச் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். இடிக்கட்டும். ஆனால் நீங்களே வேறொரு மனு எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகள் சொன்னதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி. நிறையப் படிக்கிற ஒரு பெண், அப்பா தினமும் போகிற நூலகத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை. ஏன் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பல ஊர்களில் பல பெண்கள் இதையேதான் சொல்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நுழைந்தவுடன் நீள மேஜை, அதைச் சுற்றி ஆண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் புத்தகத்திடம் போக வேண்டும். கழிப்பறை இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் அலமாரிகளுக்கு நடுவே இருட்டிவிடும். இதில் யாரும் யாரையும் வரக் கூடாது என்று சொல்லவில்லை. கட்டடமே சொல்லிவிடுகிறது.

நம்மூரில் கிளை நூலகங்கள் பல, நூலகத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வாடகை வீடு, யாரோ தானமாகக் கொடுத்த கூடம், பஞ்சாயத்து காலி செய்த அறை, இப்படித்தான் தொடங்கின. குடும்பம் குடியிருக்கிற வீட்டின் ஜன்னல் நூலகத்துக்குப் போதாது. சரி, வெளிச்சத்துக்கு டியூப்லைட் போட்டார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே மின்விசிறி தொங்கும். விசிறி சுற்றினால் பக்கத்தின் மேல் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் அதில் படித்தால் கண்ணும் தலையும் வலிக்கும். சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்தவும் முடியாது. நாவலை அங்கேயே உட்கார்ந்து படிக்கிற பழக்கம் பல ஊர்களில் வேர் பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தலைப்புச் செய்தியை மேய்ந்துவிட்டு எழுந்து போக அந்த வெளிச்சம் போதும். நூறு பக்கம் படிக்கப் போதாது.

உங்கள் பகுதிக்காரர் ஒருவர் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கேட்டால் இதற்கு ஒரு விதியா என்று தோன்றும். ஆனால் அந்த விதிகளைப் பற்றி 1931இல் வந்த அவருடைய நூலில் அந்த ஒரு விதியிலிருந்தே நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேஜை எப்படி இருக்க வேண்டும், எப்படிப்பட்ட ஆட்கள் வேலை செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வருகிறார். நூலைப் பயன்படுத்தத் தடையாக இருக்கிற எதுவும் நூலகத்தில் இருக்கக் கூடாது, அது பூட்டாக இருந்தாலும் சரி, இருட்டாக இருந்தாலும் சரி. உங்கள் ஒழுகும் கட்டடத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

லண்டனின் கிழக்கே ஒயிட்சேப்பலில் இதே தகராறு பெரிய அளவில் நடந்தது. அங்கே 1892இல் திறந்த பழைய பொது நூலகம் ஒன்று இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கிய ஏழை யூதர்களின் பிள்ளைகள் அங்கே படித்துத்தான் ஆளானார்கள். கவிஞர் ஐசக் ரோசன்பர்க் அதில் ஒருவர். 'கெட்டோவின் பல்கலைக்கழகம்', அதாவது ஏழை யூதர் குடியிருப்பின் பல்கலைக்கழகம், என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. யூதர்கள் நகர்ந்து போன பிறகு வங்காளிகள் வந்தார்கள். அப்படிப்பட்ட நூலகத்தை 2005இல் மூடினார்கள். பழைய வாசகர்கள் கொதித்துப்போனார்கள், நியாயம்தான். ஆனால் அந்தப் பகுதி நிர்வாகம் அதற்கு முன்பே மக்களிடம் விசாரித்திருந்தது. பெரும்பாலானவர்கள் நூலகத்துக்கு வருவதே இல்லை. கடைக்குப் போகிற வழியில் இருந்தால் வருவோம் என்றார்கள். அதனால் பிளாட்பாரச் சந்தை நடக்கிற தெருவிலேயே, பெரிய மருத்துவமனைக்கு எதிரே, டேவிட் அட்ஜாயே வடிவமைத்த புதுக் கட்டடத்தைக் கட்டினார்கள். பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடிப் பட்டைகள், சந்தைக் கடைகளின் துணிப் பந்தல் மாதிரி. மேல் மாடியில் காபிக் கடை. உள்ளேயே பெரியவர்களுக்கான வகுப்புகள். காய் வாங்க வந்த பெண்கள் பையோடு உள்ளே வர முடிந்தது.

அதில் எனக்கு ஒப்பாத விஷயமும் உண்டு. அதற்கு நூலகம் என்று பெயர் வைக்காமல் 'ஐடியா ஸ்டோர்' என்று வைத்தார்கள். நூலகம் என்று சொன்னால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்கிற பயம் அதில் இருக்கிறது. நூலகத்தின் மீதே நம்பிக்கை இல்லாதவர்கள் கட்டுகிற நூலகத்தில் முதலில் குறைவது புத்தகமாகத்தான் இருக்கும் என்று எனக்குக் கவலை உண்டு. ஆனால் ஒன்றை நன்றாகச் செய்தார்கள்: பழைய கட்டடத்தை அழிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தோடு அதைச் சேர்த்து 2009இல் மறுபடி திறந்தார்கள். உங்களுடையது ஓட்டுக் கட்டடம், அதே மனையில்தான் புதியது வர வேண்டும், எனவே அந்த வழி இல்லை. இடிக்கும் முன் உள்ளும் புறமும் நல்ல புகைப்படங்கள் எடுத்து வையுங்கள், அது போதும்.

இனி அந்தப் பேனர் படத்துக்கு வருவோம். எனக்கு உண்மையான சண்டை அதோடுதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்கிறீர்கள். எந்தத் திசை பார்த்த முன்பக்கம்? மேற்கு என்றால் இப்போதே எழுந்து போய்ச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டிய ஒரு நூலகத்தில் மேற்குக் கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாள்களைப் பசை தடவி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பக்கம் உட்கார முடியவில்லை. அந்த ஓர அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் முதுகு மட்டும் வெளுத்திருந்தது, பெயரே தெரியவில்லை. உள்ளே அட்டை பளிச்சென்று புதிதாக இருந்தது. லட்சக்கணக்கில் செலவு செய்து வெளிச்சத்தைக் கொண்டுவந்து, அதைப் பேப்பர் ஒட்டி மறைக்கிற நிலைமை.

நம் ஊருக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். குளிர் நாட்டுக் கட்டடத்துக்கு வெயிலே வரம். நமக்குக் கிழக்கும் மேற்கும்தான் தொல்லை, ஏனென்றால் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே அடிக்கும், மேலே எவ்வளவு நீளமாகச் சன்ஷேடு போட்டாலும் நிற்காது. அந்தப் பக்கங்களில் வராந்தாவோ படிக்கட்டோ கழிப்பறையோ வரட்டும், வெளியே ஒரு புங்க மரம் நிற்கட்டும். பெரிய ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். தெற்கு வெயில் உச்சியிலிருந்து வருவதால் சாதாரண சன்ஷேடே தடுத்துவிடும். வடக்கு பத்திரம் என்று பொறியாளர் சொன்னால், சித்திரையிலிருந்து ஆடி வரை நம் பகுதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதை ஞாபகப்படுத்துங்கள். அங்கேயும் சிறிய மறைப்பு வேண்டும். உள்ளே அலமாரிகளை ஜன்னலுக்குச் செங்குத்தாக வைத்தால் வெளிச்சம் இரண்டு வரிசைக்கு நடுவே ஓடும், முதுகுகளில் நேரே விழாது. ஜன்னலோரம் மேஜைக்கு. சுவரோரம், நிழலில், புத்தகத்துக்கு. நம் பழைய பதிப்புகள் மலிவுத் தாளில் அச்சானவை, வெயில் பட்டால் பழுத்து ஒடிந்துவிடும். கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பியதை நாமே வெயிலில் போட்டுக் கொல்லக் கூடாது.

இதெல்லாம் கட்டடத்தைப் பற்றி. கட்டடம் மட்டும் ஒரு நூலகத்தைக் காப்பாற்றாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை விடவா பெரிய கட்டடம் வேண்டும்? ஒன்பது மாடி, 2010 செப்டம்பரில் திறந்தது. அடுத்த வருடமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்குவதாக அரசு அறிவித்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களால்தான் அது நூலகமாக நின்றது. அப்புறமும் அதை ஒழுங்காகப் பராமரிக்கச் சொல்லி நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு வருகிற ஆர்வம் புத்தகம் வாங்குவதற்கும் ஆள் நியமிப்பதற்கும் வருவதில்லை. இதை எந்தக் கட்சிக்காகவும் சொல்லவில்லை. வெட்டுவதற்கு ரிப்பன் இருக்கிற வேலை சீக்கிரம் நடக்கும்.

பணம் இல்லை என்பார்கள். 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக, இந்த மாகாணத்தில்தான் பொது நூலகச் சட்டம் வந்தது. ரங்கநாதன் முன்னின்று உழைத்தார், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் நிறைவேற்றினார். அதன்படிதான் உங்கள் சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக அச்சாகியிருக்கும். நகராட்சி வசூலிக்கிற அந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் பாக்கி நிற்கிறது. உங்கள் ஊரில் வசூலானது எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிப்பகம் பற்றி ஒரு வார்த்தை. வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் மீது எரிச்சலாக இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் டிவி ஓட, தம்பி தங்கை அழ, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு அமைதியான நாற்காலி என்பது சின்ன விஷயம் இல்லை. அவர்களுக்கு மேல்மாடியைக் கொடுக்கட்டும், விடிகாலையிலிருந்து இரவு வரை திறந்து வைக்கட்டும். ஆனால் கட்டடம் முழுக்க நாற்காலியும் கைடும் மட்டும் என்றாகிவிட்டால், பரீட்சை எழுதாத யாருக்கும் அங்கே வேலை இல்லாமல் போய்விடும். கதை தேடி வருகிற எட்டு வயதுக் குழந்தைக்கும் கவிதை தேடி வருகிற உங்கள் மகளுக்கும் கீழ்த்தளத்தில் இடம் இருக்க வேண்டும். பேப்பர் மேஜையும் கீழேதான். லிஃப்ட் பழுதாகிற நாளில் எழுபது வயதுக்காரர் மாடி ஏற முடியாது.

இப்போது மனு. முதலில், இடிப்பதற்கு முன் நூல்களின் இருப்பைச் சரிபார்த்துப் பட்டியல் போட வேண்டும், அந்தப் பட்டியலின் நகல் வாசகர் வட்டத்திடம் இருக்க வேண்டும். கட்டடம் மாறும்போதுதான் புத்தகங்கள் காணாமல் போகும். மூட்டை கட்டி ஏதாவது பள்ளிக்கூடக் கிடங்கில் போடுவார்கள், இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் பாதி மண்ணாகியிருக்கும். பழசு என்று எடைக்குப் போடப்படுபவற்றில் உங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலர், உள்ளூர்ப் புலவர் அச்சிட்ட பதிகம், நின்றுபோன சிறுபத்திரிகை எல்லாம் இருக்கும். வேறெங்கும் பிரதி இல்லாதவை. தமிழ் இணையக் கல்விக்கழகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இப்படிப்பட்டவற்றை மின்னாக்கம் செய்கின்றன. எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது, வேலை நடக்கும் காலத்தில் நூலகம் எங்கே இயங்கும்? இதற்குப் பதில் எழுத்தில் வாங்காமல் ஒரு செங்கல்லையும் தொட விடாதீர்கள். ஒன்றரை வருடம் என்று தொடங்குகிற வேலை மூன்று வருடம் இழுக்கும். ஏழாம் வகுப்பில் படிக்கத் தொடங்கிய பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விடும், திரும்ப வராது. கல்யாண மண்டபத்தின் ஓர் அறை போதும், ஒரு வேன் கூடப் போதும். 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியிலேயே புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்.

கடைசியாக ஆள். புதுக் கட்டடத்தை நடத்தப்போவது நகராட்சியா, நூலகத் துறையா? முழுநேர நூலகர் பணியிடம் எத்தனை? வருடத்துக்குப் புதுப் புத்தகம் வாங்க எவ்வளவு ஒதுக்கீடு? பெண்கள் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும்? இந்த நான்கு கேள்விகளையும் அப்படியே எழுதுங்கள். வரைபடத்தின் நகலோடு திசையைக் குறித்து இணையுங்கள்.

எழுதியதும் முதலில் உங்கள் மகளிடம் கொடுங்கள். அவர் சேர்க்கச் சொல்வதைச் சேர்த்துவிட்டு, அவர் கையெழுத்தையும் அவருடைய தோழிகளின் கையெழுத்தையும் முதல் பக்கத்தில் வாங்கி, அப்புறம் வாசகர் வட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

அன்புடன்.