வேலியில்லா வயல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாட்டிங்ஹாமில் பல வருடங்களாக வசிக்கிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்க மலருக்காக, பக்கத்தில் இருக்கும் லாக்ஸ்டன் என்ற சிறிய பாரிஷின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு தேவாலயம், ஒரு பப், கோட்டை இருந்த மண்மேடு, சுற்றிலும் வெறும் வயல். இடைக்காலத்து விவசாய முறை இன்னும் மிச்சமிருக்கும் ஊர் என்கிறார்கள். எனக்கென்னவோ அது அருங்காட்சியகம் போலத்தான் பட்டது. எம்.பி.ஏ.வில் ‘பொதுநிலத்தின் அவலம்’ என்று ஒரு பாடம் படித்தோம். நிலத்தைப் பொதுவில் விட்டால் ஆளாளுக்கு மாட்டை அவிழ்த்துவிட்டு அழித்துவிடுவார்கள், அதனால்தான் இங்கிலாந்து முழுக்க வேலி போட்டார்கள் என்பது சரிதானே? கட்டுரையை எங்கிருந்து தொடங்கலாம்? கோட்டையிலிருந்தா? ஒரு தமிழன் ஆங்கிலேயக் கிராமத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமாக இருக்குமா என்ற தயக்கமும் இருக்கிறது.

கே., நாட்டிங்ஹாம்

அன்புள்ள கே.,

கடைசியில் சொன்ன தயக்கத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். அவர்கள் நம் ஊர்களையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து, ஜில்லா ஜில்லாவாக மேனுவல் எழுதி வைத்தார்கள். நம்மிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நீங்களோ அந்த ஊர்ப்பக்கம் குடியிருந்து வரி கட்டுகிறவர். தாராளமாக எழுதுங்கள். கோட்டை மேட்டுக்கு ஒரு வரி போதும். ஷெர்வுட் காட்டைக் காவல் காத்த பிரபுக்கள் அங்கிருந்தார்கள், அவ்வளவுதான். தேவாலயத்துக்குள் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு சீமாட்டியின் படுத்த சிலை இருக்கிறது. அதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

அந்த எம்.பி.ஏ. வரிதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது. இதே விஷயத்தைக் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது எங்களுக்கும் அதே பாடத்தை நடத்தினார்கள். கரும்பலகையில் ஒரு மேய்ச்சல் வெளி, அதில் நாலு மாடு, ஐந்தாவதாக ஒரு மாடு, முடிந்தது பொதுநிலம். அந்த மாட்டை விட்டவன் எந்த ஊர், அவனை ஊரார் என்ன செய்தார்கள் என்று எழுந்து கேட்டேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968-இல் எழுதிய கட்டுரைதான் அந்தப் பாடத்துக்கு மூலம். மேய்ச்சல் வெளியில் மாடு சேர்க்கும் உதாரணத்தை அவர் வில்லியம் ஃபார்ஸ்டர் லாயிட் என்பவர் 1833-இல் அச்சிட்ட சொற்பொழிவுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். எந்த ஊருக்கும் போய் விசாரித்து எழுதியதல்ல. அவர் சொல்லும் மேய்ப்பர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. ஒரே வெளியில் காலம் முழுக்க மாடு மேய்ப்பவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள மாட்டார்களாம்! பிற்காலத்தில் ஹார்டினே, தான் சொன்னது நிர்வாகமில்லாத பொதுநிலத்தைப் பற்றித்தான் என்று திருத்திக்கொண்டார். திருத்தத்தை யார் படித்தார்கள்? பாடப்புத்தகத்தில் ஏறியது பழைய கதைதான். மக்கள் கூடிப்பேசிப் பொதுவளத்தைக் காப்பாற்றியதை ஊர் ஊராக ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ராமுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் வகுப்பில் அந்தப் பெயரையாவது சொன்னார்களா?

சரி, லாக்ஸ்டனுக்கு வருவோம். அங்கே நீங்கள் பார்த்த ‘வெறும் வயல்’ உண்மையில் மூன்று பெரிய வயல்கள். மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். ஒவ்வொன்றும் பட்டை பட்டையாகப் பலருக்குப் பிரிந்திருக்கிறது. ஒருவருக்கே நல்ல மண் முழுக்கப் போய்விடாதபடி ஆளாளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டைகள். நடுவில் வேலி கிடையாது, நம்மூர் வரப்பும் கிடையாது. சுழற்சி என்னவென்றால், ஒரு வயலில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் ஒவ்வொன்றும் ஒரு படி நகரும். அறுப்பு முடிந்த வயலில் ஊர் ஆடுமாடுகள் மேயும் வழக்கம் இருந்தது. அதனால் ஒருவன் மட்டும் தன் இஷ்டத்துக்கு வேறு பயிர் வைக்க முடியாது, தாமதமாக அறுக்கவும் முடியாது. எத்தனை உருப்படி மேய்க்கலாம் என்பதற்கும் கணக்கு இருந்தது. அந்த ஐந்தாவது மாடு உள்ளே வரவே முடியாது, கே.!

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கோர்ட் லீட் என்று பெயர். நான் போனது ஒரு நவம்பர் கடைசி. அந்த வருடம் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்க ஜூரி கிளம்பியிருந்தது. ஜூரி என்றால் கறுப்பு அங்கி எல்லாம் இல்லை. டிராக்டருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில் ஏறி வந்த விவசாயிகள். இறங்கியதும் பட்டையின் ஓரத்தைக் கண்ணாலேயே பிடித்துப் பார்த்தார்கள். நம்மூரில் வருடத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் வரப்பைச் சீவுவார்களே, அதே திருட்டு அங்கே ஏர்முனையில் நடக்கும். பொதுப்பாதையிலும் பொதுப்புல்லிலும் ஒரு சால் உள்ளே போய் உழுதுவிடுவார்கள். அப்படி ஓர் இடம் சிக்கியது. எங்கே எல்லையோ அங்கே புது மரமுளையை வைத்து ஒருவர் சம்மட்டியால் அடித்தார். சிவந்த களிமண், ஈரம் வேறு. ஒவ்வோர் அடிக்கும் முளை சொதசொதவென்று இறங்கியது. உள்ளே உழுதவரும் கூட்டத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

மதியம் எல்லோரும் டவ்காட் இன் என்ற அந்த பப்பில், நீங்கள் ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போன அதே பப்பில்தான், சாப்பிட்டுக்கொண்டே அபராதத்தை முடிவு செய்கிறார்கள். பெரிய தொகை இல்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் கோர்ட் லீட் கூடி அதை உறுதி செய்யும், அடுத்த வருடம் பார்க்கவேண்டிய வயலுக்கான புது ஜூரிக்குப் பதவிப் பிரமாணமும் அங்கேயே நடக்கும். 1977-இல் பிரிட்டனில் இப்படிப்பட்ட பழைய மன்றங்களின் அதிகாரத்தைச் சட்டம் போட்டு எடுத்தபோது லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். சட்டப்படி அபராதம் போடுகிற ஒரு மன்றத்தை அருங்காட்சியகம் என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? உழவர்கள் அங்கே இன்றைக்கும் பயிர் செய்து பிழைக்கிறார்கள்.

வேலி ஏன் போட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பொதுநிலம் பாழானதால் என்ற பதிலை அழித்துவிடுங்கள். 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தனிச்சட்டங்கள் போட்டு சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலிக்குள் அடைத்தார்கள். அந்தச் சட்டங்களை நிறைவேற்றிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள். அடைத்த நிலத்துக்கு வாடகை கூடும். விளைச்சலும் பல இடங்களில் கூடியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பசுவை மேய்த்து, சுள்ளி பொறுக்கி, அறுத்த வயலில் கதிர் பொறுக்கிக் காலம் தள்ளிய குடியானவன் என்ன ஆனான்? உரிமைப் பத்திரம் காட்ட முடியாதவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பத்திரம் இருந்தவனுக்கும் ஒரு துண்டு நிலம்தான் வந்தது, அதைச் சுற்றி வேலி போடுகிற செலவையும் அவன் தலையில் கட்டினார்கள். விற்றுவிட்டுக் கூலிக்குப் போனான். லாக்ஸ்டனிலும் கொஞ்சம் நிலம் வேலிக்குள் போனதுண்டு. மிச்சம் தப்பியதற்கு, பெரிய நிலக்காரர்களான மேன்வர்ஸ் பிரபுவுக்கும் ஸ்கார்பரோ பிரபுவுக்கும் ஒத்துப்போகாததைக் காரணமாகச் சொல்கிறார்கள். 1952-இல் மேன்வர்ஸ் பிரபு தன் நிலத்தை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் அந்தப் பழைய பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிவிட்டது.

ஊரே சமத்துவமாக வாழ்ந்தது என்றும் எழுதிவிடாதீர்கள், அதுவும் பொய். மண்ணில் பெரும்பகுதி நெடுங்காலம் பிரபுவுடையதுதான். 1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் லாக்ஸ்டனுக்கு ஒரு வரைபடம் போட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு பட்டையும், எது யாருடையது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. இடையிடையே ஏர் ஓட்டுகிறவர்களும் ஆடுமாடுகளும் எறும்பளவுக்கு. அவ்வளவு அழகையும் வரையச் சொன்னது வாடகைக் கணக்குக்காக. சொன்னவர் வில்லியம் கோர்ட்டீன், லாக்ஸ்டனை விலைக்கு வாங்கியிருந்த லண்டன் வணிகர். பார்படோஸில் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவரும் அவர்தான். அதே 1635-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் அனுப்ப சார்லஸ் மன்னரிடம் அவருடைய கூட்டணி அனுமதி வாங்கியது. அந்தக் கப்பல்கள் கோவா வரைக்கும் வந்தன, அங்கிருந்து சீனாவின் கான்டனுக்குப் போயின. கோர்ட்டீன் அதற்கு முன்பே, 1636-இல் இறந்துவிட்டார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வயல்களின் பள்ளத்தில் உழ முடியாத ஈரப்புல் பட்டைகள் இருக்கின்றன, சைக் என்பார்கள். அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை வருடாவருடம் கோடையில் ஏலம் விடுகிறார்கள். யார் கேட்கிறார்கள், பணம் யாருக்குப் பிரிகிறது என்று விசாரித்து அங்கிருந்து தொடங்குங்கள். நவம்பரில் ஜூரி கிளம்பும்போது இன்னொரு தடவை போங்கள். முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும், அந்தக் களிமண் சாதாரணச் செருப்பை விடாது. மலர் அச்சுக்குப் போவதற்கு முன் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். ஹார்டினின் மாடு அதில் எங்காவது மேய்ந்தால் அடித்துத் திருத்தித்தான் திருப்பி அனுப்புவேன்.