பனிக்காலத்தில் சைக்கிள்: இருமலுக்குக் காரணம் காற்றா, மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 46. வங்கி ஊழியர். போன ஜூனில் கோவையிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்தேன். வந்த கையோடு ஒரு கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஊட்டி போய்த் திரும்புகிறேன். மழைக்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்து, ஊட்டி சேரிங் கிராஸில் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ வாங்கிக் குடிக்கும் நேரத்துக்குச் சரியாக இருமல் பிடித்துக்கொள்கிறது. நெஞ்சு இறுகி, விசில் மாதிரி சத்தமும் வருகிறது. முக்கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். திரும்பி இறங்கும்போது இரண்டு கை விரல்களும் வெளுத்து மரத்துப்போகின்றன. ஏற்றத்தில்கூட நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டுவதில்லை என்று கைக்கடிகாரம் காட்டுகிறது. ஆகவே இதயம் பலமாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பனிக்காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பங்குனி வரை சைக்கிளைத் தொடாதீர்கள் என்கிறார் மனைவி. நெஞ்சில் நீலகிரித் தைலமும் தேய்த்துவிடுகிறார். நிறுத்தத்தான் வேண்டுமா? (ஒற்றைத் தலைவலிக்காக இரண்டு வருடமாகத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை.)
வாசகர், குன்னூர்

பதில்: இவ்வளவு விவரமாக எழுதியவர், அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த மாத்திரையின் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்களே! எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். மாத்திரை அட்டையைத் திருப்பி, வெள்ளிக் காகிதத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், அதற்குக் கீழே இருக்கும் மருந்தின் பெயர். அது புரோப்ரனலால் என்று இருந்தால், நீங்கள் சொல்லும் மூன்று விஷயத்துக்கும், அதாவது விசில் சத்தம், வெளுத்த விரல், ஏறாத நாடி மூன்றுக்கும், அந்த ஒரு மாத்திரைக்கும் தொடர்பு இருக்கலாம். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க இங்கே வெகுவாக எழுதித் தரப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. நல்ல மருந்துதான். ஆனால் மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மை உள்ளவருக்கு ஆகாது.

அதற்காக இன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதயத்தில் மறைந்திருக்கும் அடைப்பு இருந்தால் நெஞ்சுவலியே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய், ‘மூச்சு இழுக்கிறது’ என்று சொல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து, தலைவலிக்கு வேறு மருந்து மாற்றித் தருவார். வேறு மருந்துகள் நிறையவே இருக்கின்றன. அவரைப் பார்க்கும்வரை ஊட்டி ஏற்றம் வேண்டாம்.

இனி காற்றுக்கு வருவோம். மனைவி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். ஏற்றத்தில் மிதிக்கும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தித் தர மூக்கால் முடியாது, வாய் திறந்துகொள்ளும். உறைபனி விழும் காலையில் ஒரு கன மீட்டர் காற்றில் மிஞ்சிப்போனால் 5 கிராம் நீராவி இருக்கும். நுரையீரலுக்குள் போய்ச் சேரும்போது அதே காற்றில் 44 கிராம் இருந்தாக வேண்டும். பாக்கி ஈரம் முழுவதும் உங்கள் மூச்சுக்குழாயின் உட்பூச்சிலிருந்துதான் போகிறது. அது காய்ந்து எரிச்சலானதும் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. மிதிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. நிறுத்திய ஐந்து, பத்து நிமிடத்தில் இறுக்கம் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாக இறங்கும். நீங்கள் டீக்கடையில் பார்ப்பது அச்சு அசல் இதே கணக்கு. மழைக்காலத்தில் அதே மாத்திரையோடு ஏறியும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அப்போது காற்றில் ஈரம் இருந்தது.

நாடித்துடிப்பு விஷயத்தில் உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டியிருக்கிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் 174. இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் முட்டி ஏறும் ஒருவருக்கு 130-லேயே நிற்கிறது என்றால், இதயத்தின் பலத்தைவிட மாத்திரையின் கடிவாளத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இந்த மருந்து சாப்பிடும்வரை கடிகாரம் காட்டும் மஞ்சள், சிவப்பு மண்டலங்களை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள். மிதித்துக்கொண்டே இரண்டு வாக்கியம் மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். அது எந்தக் கடிகாரத்துக்கும் குறைந்ததில்லை.

46 வயதில் நெஞ்சு இறுகுகிறது என்று ஒருவர் சொன்னால், மூச்சுக்குழாய்தான் என்று நூறு சதவீதம் நம்பினாலும் இதயத்தைப் பார்க்காமல் விடமாட்டேன். வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. ஏறும்போது இறுகி, நின்றதும் விட்டால் அது இதயத்தின் பாணி. நின்ற பிறகு தொடங்கினால் நுரையீரலின் பாணி. உங்களுடையது இரண்டாவது. இருந்தாலும் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடும், இதயத்துக்கும் வேலை கூடும். ஆகவே ஒரு ஈசிஜி, அதோடு டிரெட்மில் பரிசோதனை. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி சரியாக இருப்பதால் மட்டும் திருப்தியடைய வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போதும் மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். நாடி ஏறாவிட்டால் அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. ஏற்றத்தின் நடுவில் வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், குப்பென்று வியர்த்தால், கண் இருட்டினால், சைக்கிளை ஓரம் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி செய்வார்கள். குழாயில் ஓங்கி ஊதச் சொல்லும் பரிசோதனை. இதில் ஒரு சிக்கல் உண்டு: கோவைக்குப் போய், வெயிலில் சாவகாசமாக உட்கார்ந்து ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று, மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் மருந்துக் கடைகளில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. மருத்துவர் மறுபடி ஏறலாம் என்றதும் அதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கிளம்புமுன் மூன்று தடவை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் நிறுத்தியதும் ஐந்து, பத்து, பதினைந்து நிமிடங்களில் ஊதுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அந்தக் குறிப்பே பாதி நோயறிதல். நெஞ்சக மருத்துவர் அதை ஆவலாக வாங்கிப் பார்ப்பார்.

பெரும்பாலும் ஏறுவதற்குக் கால் மணி முன்பு இழுக்க, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் எழுதித் தருவார். ‘இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாது’ என்று உங்களிடம் நாலு பேர் சொல்வார்கள். தவறு. ஆனால் இன்னொரு உண்மையைச் சொல்லவேண்டும்: புரோப்ரனலால் பூட்டி வைத்திருக்கும் கதவைத்தான் சால்பூட்டமால் தட்டுகிறது. மாத்திரையை மாற்றாமல் இன்ஹேலரை மட்டும் வாங்கினால் சரியாக வேலை செய்யாது. மருந்தே போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். வாரத்தில் பல நாள் இன்ஹேலர் தேவைப்பட்டால், தினசரி இழுக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு மருந்துக்கு மாறவேண்டும். நிவாரண மருந்தையே நாள்தோறும் இழுத்தால் அதன் வேகம் குறைந்துகொண்டே போகும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், மெட்டோபிரலால் எல்லாம் இதே குடும்பம், பெயர் ‘லால்’ என்று முடியும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்தாலேயே இழுப்பு வந்தவர்கள் உண்டு. இன்னொரு குடும்பமான எனலாப்ரில், ராமிப்ரிலில் சிலருக்கு விசில் இல்லாத வறட்டு இருமல் வரும்.)

சைக்கிளை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பனிக்கால இரவில் வானம் தெளிவாக இருந்தால் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். உறைபனி மேட்டைவிடத் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் அதிகம் படிவது அதனால்தான். விறகடுப்புப் புகையும் லாரி, பஸ் கக்கும் புகையும் அதே பள்ளத்தில் மேலே போக வழியில்லாமல் நிற்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், அருவங்காடு, கேத்தி பக்கம் நீங்கள் இழுப்பது குளிரோடு சேர்ந்த அந்தப் புகையை. எட்டு மணிக்கு மேல், வெயில் பள்ளத்துக்குள் இறங்கிய பிறகு கிளம்புங்கள். விடியுமுன் இருட்டில் வளைவு திரும்பினால் காட்டுமாடு நிற்கும் ஆபத்தும் இருக்காது. (வண்டிக் கூட்டம் கூடும் என்பது தெரியும். எனக்கு அது சின்னக் கெடுதல்.)

கிளம்பியதும் முட்டி மிதிக்காதீர்கள். வெலிங்டன் தாண்டும்வரை லேசான கியரில் பத்துப் பதினைந்து நிமிடம் போங்கள். நடுவில் அரை நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் மெதுவாக என்று ஐந்தாறு தடவை. இப்படிச் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த ஓரிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவாக இறுகுவதில்லை. வாய், மூக்கு இரண்டையும் மூடும்படி மெல்லிய மஃப்ளர் கட்டுங்கள். வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே போகும். இரண்டு நுனியையும் சட்டைக்குள் செருகிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கக் கூடாது.

இறக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஏறும்போது வியர்த்து நனைந்த பனியனோடு, 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், தோலுக்கு அது சுழியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இருப்பதுபோலத்தான். உடல் நடுப்பகுதியின் சூட்டைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். சிலருக்கு இது அளவுக்கு மீறும்: முதலில் வெளுப்பு, பிறகு நீலம், சூடு கண்டதும் சிவந்து ஊசி குத்தல். ரேனாட் என்பார்கள். உங்கள் மாத்திரை இதையும் கிளப்பும், மாற்றினால் குறையலாம். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மட்டும் மரத்தால் கதை வேறு; ஹேண்டில்பாரில் உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், சீட்டின் சாய்வைக் கடையில் சரிபாருங்கள்.

ஊட்டியில் டீக்கு முன்பாகவே பனியனை மாற்றுங்கள். அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கி சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்குவார்கள். இன்றும் அதற்கு ஈடாக ஒன்றுமில்லை. மேலே காற்றுப் புகாத ஜெர்கின். கைக்குக் கிளவுஸ் இரண்டு அடுக்கு, உள்ளே மெல்லிய கம்பளி. நெஞ்சு சூடாக இருந்தால் விரலும் சூடாக இருக்கும். கிளவுஸை மட்டும் தடிமனாக்கிப் பயனில்லை. இறங்கும் வழியில் எல்லநள்ளியில் ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியாவிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதும் தெரியாது. கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். மரத்த விரலைச் சுடுதண்ணீரில் முக்குவதும் அடுப்பில் காட்டுவதும் வேண்டாம், வெந்துபோனால்கூடத் தெரியாது. ஒரு கை மட்டும் வெளுத்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பங்குனியில் எல்லாம் சரியாகிவிடுமா? குளிரால் மட்டும் வருவதென்றால் குறையும். மாசியிலும் பங்குனியிலும் இருமல் தொடர்ந்தால், இரவில் எழுப்பினால், அது ஆஸ்துமா என்று எடுத்துக்கொண்டு முறையாக வைத்தியம் செய்யவேண்டும். அந்த மாதங்களில் மலை காய்ந்து கிடக்கும், காட்டுத்தீப் புகை வரும் நாளில் வீட்டிலேயே இருங்கள். நடுப்பகலில் சுட்டாலும் காலைக் குளிர் விட்டிருக்காது. ஜெர்கினைப் பெட்டியில் வைக்க அவசரப்படாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் கூடுகிறது, உதட்டுக்கும் மூக்குக்கும் சன் ஸ்கிரீன் தேவை. குளிரில் தாகம் தெரியாவிட்டாலும் மூச்சிலேயே நீர் போய்க்கொண்டிருக்கும், மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, சாயங்காலக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று எதுவாவது சேர்ந்தால் சைக்கிள் கதையை ஒதுக்கிவிட்டு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காய்ச்சல் இருக்கும் நாளில் சைக்கிள் ஏறவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலோடு முக்கி மிதித்தால் இதயத் தசையைப் பாதிக்கலாம்.

தைலத்துக்கு நான் எதிரி இல்லை. அதன் வாசனை மூக்கிலுள்ள குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாகப் போவதுபோல் இருக்கும். மூச்சுக்குழாய் உண்மையில் விரிவதில்லை, ஆகவே இழுப்பு இருக்கும்போது அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிலருக்குக் காட்டமான வாசனையே இருமலைக் கிளப்பும். தேய்த்த அன்று அதிகமாகிறதா என்று கவனியுங்கள். சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் பாட்டிலை உயரத்தில் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.