எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி–பதில்: சிப்பை மாற்றும் முன்

கேள்வி: மொட்டைமாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) வைத்திருந்தேன். நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள மாட்யூலை 4, 5, 6, 7 பின்களிலும், மண் ஈரம் பார்க்கும் சென்சாரை ஏ0 பின்னிலும் இணைத்திருந்தேன். ரிலேக்கள் நான்கு 12 வோல்ட் பம்புகளை ஓட்டும். 12 வோல்ட் அடாப்டரை போர்டின் ஜாக்கில் செருகி, ரிலேக்களுக்கு போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். பம்பு வயரும் சென்சார் வயரும் ஒரே குழாயில்தான் போகின்றன. நான்கு ரிலேயும் சேர்ந்து ஓடினால் போர்டு தானாக ரீசெட் ஆகும். மழை பெய்த மறுநாள் அடியோடு நின்றுவிட்டது. இப்போது யூ.எஸ்.பி.யில் செருகினால் பவர் விளக்கு மங்கலாக எரிகிறது, பெரிய சிப் கையைச் சுடுகிறது. புது சிப் போட்டால் சரியாகுமா?

பதில்: பழுது சிப்பில் மட்டும் என்றால் ஓடும். ஆனால் பழைய சிப்பைக் கொன்ற வழி திறந்தே இருந்தால் அடுத்த மழையில் அதுவும் போகும். முதலில் அந்த வழியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் போர்டில் சிப் சாக்கெட்டில் இருப்பதால் இது சுலபம்.

எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில ஓம் மட்டுமே காட்டினால் ஷார்ட். தட்டையான ஸ்க்ரூ டிரைவரை இரு முனைகளிலும் மாறி மாறிக் கொடுத்து சிப்பை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். ஷார்ட் போய்விட்டால் குற்றவாளி சிப்தான். போகவில்லை என்றால் ரெகுலேட்டர் (ஜாக்கில் வரும் 12 வோல்டை 5 ஆக்குவது), கெப்பாசிட்டர், யூ.எஸ்.பி. சிப் (கணினியோடு பேசுவது) ஆகியவற்றில் ஒன்று. அந்த நிலையில் போர்டையே மாற்றுவது நல்லது.

ஷார்ட் போயிருந்தால், சிப் இல்லாமலே யூ.எஸ்.பி.யில் செருகுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்து கணினியில் போர்ட் (போர்டோடு பேசும் சீரியல் இணைப்பு) தெரிகிறதா? இது முக்கியமான தடயம். யூ.எஸ்.பி. சிப்பும் அதே 5 வோல்ட் லைனில்தான் இருக்கிறது. ரெகுலேட்டர் பழுதாகி 12 வோல்ட் உள்ளே வந்திருந்தால் இரண்டு சிப்பும் சேர்ந்தே போயிருக்கும். உங்கள் பெரிய சிப்பான ஏடி-மெகா 328பி தாங்கும் உச்ச வரம்பே 6 வோல்ட்தான். யூ.எஸ்.பி. சிப் பிழைத்திருந்தால் அதிக வோல்டேஜ் பெரும்பாலும் ஏதோ ஒரு பின் வழியாகத்தான் வந்திருக்கிறது. அடாப்டரை ஜாக்கில் கொடுத்து 5 வோல்ட் பின்னை அளந்து இதை உறுதி செய்யுங்கள். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் ரெகுலேட்டர் நலம்.

எந்தப் பின் என்பதைக் கழற்றிய சிப்பே சொல்லும். மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். சிவப்பு முனை சிப்பின் 8-ஆம் காலில் (கிரவுண்டு), கறுப்பு முனை மற்ற கால்களில் ஒவ்வொன்றாக (22-ஆம் காலும் கிரவுண்டுதான், அதை விட்டுவிடுங்கள்). நல்ல கால் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். செத்த கால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. ஏ0 என்பது சிப்பின் 23-ஆம் கால். உங்கள் ரிலே பின்கள் 6, 11, 12, 13-ஆம் கால்கள். ஒரே குழாய், மழை, ஈரம் ஏறிய இணைப்பு என்று பார்க்கும்போது 23-ஆம் கால் மீதுதான் என் சந்தேகம். பம்பின் 12 வோல்ட் சென்சார் வயருக்குத் தாவியிருக்கும்.

தானாக ரீசெட் ஆனது வேறு கோளாறு. 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம். ஒன்றுக்கு 71 மில்லி ஆம்பியர், நான்குக்கு 285. போர்டின் சொந்தச் செலவு 50 என்று வைத்தால் மொத்தம் 335. ஜாக்கை அடுத்த டயோடில் 0.7 வோல்ட் போனால், மீதி 6.3 வோல்டை ரெகுலேட்டர் சூடாக மாற்றுகிறது: 2 வாட்டுக்கு மேல். அந்தச் சிறிய ரெகுலேட்டருக்கு இது மிக அதிகம். சூட்டில் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

இனிச் செய்ய வேண்டியவை. எல்.எம்.2596 பக் கன்வெர்ட்டர் மாட்யூல் (வோல்டேஜைக் குறைத்துத் தருவது) ஒன்று வாங்கி, எதையும் இணைக்கும் முன்பே மல்டிமீட்டர் வைத்து 5.0 வோல்டுக்குத் திருகி வையுங்கள் (திருகாமல் இணைத்துப் போர்டைச் சாகடித்தவர்கள் நிறைய). ரிலேக்களுக்கு மின்சாரம் அதிலிருந்து மட்டும். ஒவ்வொரு பம்பின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில். சென்சார் வயரைத் தனிக் குழாயில் கொண்டுபோய், ஏ0 பின்னுக்கு முன்னால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். பிறகு 12 வோல்ட் பட்டாலும் பின்னுக்குள் ஏறுவது 0.65 மில்லி ஆம்பியர் அளவுதான், சிப் தாங்கும். ஐந்து ரூபாய்கூட ஆகாத இந்த ரெசிஸ்டரை வெளியே போகும் எந்த சென்சார் வயருக்கும் தவிர்க்காதீர்கள்.

புது சிப் வாங்கும்போது பெயரில் ‘328பி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 328-இன் அடையாள எண் வேறு, மென்பொருள் ஏற்க மறுக்கும். பூட்லோடர் (யூ.எஸ்.பி. வழியாகப் புரோகிராமை ஏற்க உதவும் சிறு மென்பொருள்) ஏற்றிய சிப்பாகவே கேளுங்கள். செருகும்போது சிப்பின் பள்ளமும் சாக்கெட்டின் பள்ளமும் ஒரே பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: புதிய ஊனோ நகல் போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் கணினியில் போர்ட் வரவில்லை. போர்டு பழுதா?

பதில்: முதலில் கேபிளை மாற்றுங்கள். சில கேபிள்களில் சார்ஜ் வயர் மட்டும்தான் இருக்கும். அடுத்து, யூ.எஸ்.பி. பக்கத்துச் சிப்பில் சி.ஹெச்.340 என்று எழுதியிருந்தால் அதற்கான டிரைவரை நிறுவுங்கள். போர்ட் வந்தும் புரோகிராம் ஏறவில்லை என்றால் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடும், 0 பின்னை 1 பின்னோடும் வயரால் இணைத்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் யூ.எஸ்.பி. பகுதி நலம், கோளாறு பெரிய சிப்பிலோ அதன் பூட்லோடரிலோ இருக்கிறது. அதற்குமேல் நேரம் செலவழிக்காமல், வாங்கிய கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.