பம்பி வாங்கப் பணம் கிடைக்கும், பெற்றோலுக்குக் கிடைக்காது: தொண்டர் தீயணைப்பு நிதி குறித்த கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தின் கிராமங்களில் தொண்டர் தீயணைப்புக் குழு அமைக்க முயல்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். தீயணைப்பு வீரனாக அல்ல, உள்ளூராட்சித் திட்ட முன்மொழிவுகளோடும் கணக்காய்வாளர்களோடும் நெடுங்காலம் மல்லுக்கட்டியவனாகவே பதில் சொல்கிறேன்.

நிலாவெளி, இளைஞர் கழகச் செயலாளர்: அண்ணா, வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் பற்றைக்காடு எரிகிறது. நகரத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் கிடுகு வேலியும் கொட்டிலும் போய்விடுகின்றன. தீயணைப்பு வண்டி ஒன்று கேட்டு யாருக்கு விண்ணப்பிக்கலாம்?

இப்போதைக்கு யாருக்கும் வேண்டாம் தம்பி. வண்டி தருகிறவர்கள் உண்டு. அதை ஓட வைக்கத் தருகிறவர்கள் இல்லை. டீசல், காப்புறுதி, டயர், மின்கலம், நிறுத்த ஒரு கூரை, கனரக வாகனச் சாரதி எல்லாம் உங்கள் தலையில் விழும். நன்கொடையாக வந்து துருப்பிடித்து நிற்கும் வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புல்லும் பற்றையும் எரியும் தீக்கு முதலில் வேண்டியது ஆட்களும் கைக்கருவிகளும். முதுகில் சுமக்கும் தண்ணீர்த் தெளிப்பான்கள், தீயை அடித்து அணைக்கும் ரப்பர் மட்டைகள், மண்வெட்டி, கத்தி, நீண்ட கை வைத்த பருத்திச் சட்டை, தோல் சப்பாத்து. (தெளிப்பான்களைப் புதிதாகவே வாங்குங்கள். வயலுக்குக் களைநாசினி அடித்ததைத் தீயருகே கொண்டுபோகாதீர்கள்.) அடுத்த படி ஒரு சிறிய பெற்றோல் பம்பியும் ஆயிரம் லீற்றர் தாங்கியும். லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திர) பெட்டியில் ஏற்றலாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன். தாங்கி பாதி நிரம்பியிருந்தால் தண்ணீர் அலைந்து வளைவில் பெட்டியைப் புரட்டிவிடும். தடுப்புத் தகடு உள்ள தாங்கியையே விலைமனுவில் எழுதுங்கள்.

மூதூர், ஆசிரியை: ஐயா, நாங்கள் எங்கும் பதிவு செய்யவில்லை. நல்ல வேலைக்குப் பதிவு அவசியமா?

வேலைக்கு வேண்டாம், காசுக்கு வேண்டும். சுருக்கமான வழி, ஏற்கெனவே பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அல்லது மீனவர் சங்கத்தின் உபகுழுவாக இயங்குவது. அவர்களிடம் வங்கிக் கணக்கும் கூட்டக் குறிப்பும் இருக்கும். தனி அமைப்பாகத்தான் வேண்டுமென்றால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அதைவிடப் பெறுமதியானது பிரதேச சபையின் கடிதம். இலங்கையில் தீயணைப்பு உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. நீங்கள் உதவிக் கரம். "இந்தக் குழுவை அறிவோம், எங்கள் வண்டி வரும்வரை இவர்கள் முதல் நடவடிக்கை எடுப்பார்கள், பம்பியின் வருடாந்தச் சேவையை நாங்கள் ஏற்கிறோம்" என்று தவிசாளரோ செயலாளரோ கையொப்பமிட்டால், நீங்கள் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் கனமானது. பிரதி ஒன்றை மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் கொடுங்கள்.

கிண்ணியா, வர்த்தகர்: தூதரகங்கள் பணம் தருகின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் சகோதரரே. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்ட நன்கொடை உள்ளூராட்சி மன்றங்களுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உரியது. கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குத் தருவார்கள். சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் தரமாட்டார்கள். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்துக்கும் நேரடி உதவித் திட்டம் என்று சிறு மானியம் ஒன்று உண்டு. இரண்டிலும் முதலில் பார்ப்பது, முன்பு வாங்கிய பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருக்கிறீர்களா என்பதைத்தான். ஆகவே முதல் விண்ணப்பத்தைத் தூதரகத்துக்கு எழுதாதீர்கள். உங்கள் கடைத்தெருச் சங்கத்திடம் பத்துத் தீயணைப்பான்களுக்குப் பணம் வாங்கிச் செலவு செய்து, பற்றுச்சீட்டுகளோடு ஒரு பக்க அறிக்கை எழுதி வைத்திருங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அதுவே உங்கள் சான்று.

ஜேர்மனியில் வாழும் திருகோணமலைக்காரர்: இங்கே எங்கள் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படை பழைய உடைகள், குழாய்கள், சுவாசக் கருவிகளை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. ஒரு கொள்கலனில் அனுப்பிவிடலாமா?

மனம் பெரிது ஐயா. ஆனால் கொள்கலனை நிரப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்.

முதலில் குழாய். ஜேர்மனியில் ஸ்டோர்ஸ் இணைப்பு. ஒரே மாதிரியான இரு முனைகளைப் பொருத்தித் திருகிப் பூட்டுவது. பிரித்தானிய முறையில் ஆண், பெண் என இரு வேறு முனைகள்; அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. திருகோணமலை நகரத் தீயணைப்பு வண்டியில் எது இருக்கிறது என்று நேரில் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்று இணைப்பியையும் சேர்த்து அனுப்பாவிட்டால் உங்கள் குழாய் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத்தான் உதவும்.

அடுத்தது சுவாசக் கருவி. சிலிண்டரைக் காலம் தவறாமல் அழுத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கார்பன் இழைச் சிலிண்டருக்கு ஆயுளே மட்டுப்பட்டது. நிரப்புவது எங்கே? உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுழியோடும் நிலையங்களில் காற்று அமுக்கி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல யோசனை. ஆனால் சுழியோடிகளின் சிலிண்டர்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்த அளவானவை. தீயணைப்புச் சிலிண்டர்கள் பல 300 பார். அவர்களுடைய இயந்திரம் அவ்வளவு தாங்குமா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். தாடி வைத்தவருக்கு முகமூடி காற்றுப்புகாமல் பொருந்தாது என்பதையும் யாரும் சொல்வதில்லை. என் கருத்து: கிராமக் குழு புகை நிறைந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது. ஆகவே சுவாசக் கருவி வேண்டாம்.

உடை: தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது அமெரிக்கத் தரம். உட்புறச் சுட்டியில் திகதி இருக்கும். அந்தக் கனமான அங்கியை அணிந்து ஆடி மாத வெயிலில் புல்தீயை அடித்தால் நெருப்புக்கு முன் வெப்பமே ஆளை வீழ்த்தும். தலைக்கவசம், கையுறை, சப்பாத்து அனுப்புங்கள். சரக்கைப் பெறுபவராகச் சிறு குழுவின் பெயரைப் போடாமல் பிரதேச சபையின் பெயரைப் போட ஏற்பாடு செய்யுங்கள். சுங்கத்தில் பேச அவர்களுக்கு வாய் உண்டு. தீர்வை விலக்கு எழுத்தில் கிடைக்கும்வரை கப்பலேற்ற வேண்டாம்.

திருகோணமலை நகரம், பல்கலைக்கழக மாணவி: அமெரிக்காவில் ஃபீமா என்னும் அரச அனர்த்த முகாமைத்துவ நிறுவனம் தொண்டர் தீயணைப்புப் படைகளுக்கு மானியம் தருகிறதாம். நாமும் விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது தங்கை. 2001 முதல் வழங்கப்படும் அந்தத் தீயணைப்பாளர் உதவி மானியம் அந்நாட்டுத் தீயணைப்புப் படைகளுக்கும் அவசர மருத்துவ அமைப்புகளுக்கும் மாநிலத் தீயணைப்புப் பயிற்சிக் கழகங்களுக்கும் மட்டுமே. ஆனால் அவர்களுடைய விண்ணப்பத்தைப் படித்துப் பாருங்கள், இலவசப் பாடம். விளக்க உரை நான்கு கேள்விகளைச் சுற்றியது: உங்களால் சொந்தப் பணத்தில் ஏன் வாங்க முடியவில்லை, எதை என்ன விலைக்கு வாங்குகிறீர்கள், அந்தச் செலவுக்கு ஈடான பயன் என்ன, அது வந்தபின் உங்கள் அன்றாடப் பணியில் என்ன மாறும். நான்காவதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். "சமூகம் மேம்படும்" என்று எழுதுகிறார்கள். "இப்போது அழைப்பு வந்தால் வாளி தேடுகிறோம், பம்பி வந்தால் கிணற்றிலிருந்து நேரே இறைப்போம்" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, அங்கேயும் முழுப் பணம் தருவதில்லை. 20,000 பேருக்கு உட்பட்ட ஊர் 5 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் பத்து இலட்சம் வரை 10 வீதம். அதையும் தாண்டினால் 15 வீதம். நம் முன்மொழிவிலும் சொந்தப் பங்கு ஒன்றைக் காட்டுங்கள். சிரமதானமும் கொட்டகைக்கான காணியும்கூடப் பங்குதான்.

சீனக்குடா, பெயர் வேண்டாம் என்றவர்: எண்ணெய்த் தாங்கிகளின் ஆபத்தைப் பெரிதாக எழுதினால் நிதி விரைவாகக் கிடைக்குமல்லவா? 1942 இல் எரிந்த கதையையும் சேர்க்கலாம்.

1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் தாங்கி எரிந்தது உண்மை. அங்கே நூற்றுக்கு அண்மித்த தாங்கிகள் கட்டப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் எண்ணெய்த் தாங்கித் தீயை அணைக்க நுரைக் கரைசலும் பெரும் பம்பிகளும் பயிற்சி பெற்ற படையும் வேண்டும். இருபது தொண்டர்களும் ஒரு சிறு பம்பியும் அதை எதிர்கொள்வார்கள் என்று எழுதினால், விடயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே உங்கள் கோப்பினை மூடிவிடுவார்.

உங்களிடம் அதைவிட வலிமையான ஆயுதம் இருக்கிறது: ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட குறிப்பேடு). திகதி, இடம், என்ன எரிந்தது, யார் அழைத்தார்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்படி அணைத்தீர்கள், என்ன இழப்பு. குப்பைமேட்டுத் தீயையும் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் மாதம் ஒருமுறை கையொப்பம் வாங்குங்கள். ஒரு வறட்சிக் காலம் முழுவதும் நிரம்பிய கொப்பியைக் காட்டினால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

தம்பலகாமம், விவசாயி: பயிற்சிக்கு யார் பணம் தருவார்?

பயிற்சிக்குப் பணத்தைவிட ஆளைக் கேளுங்கள் ஐயா. முதலுதவிக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளை. தீயணைப்பானைக் கையாள நகரத் தீயணைப்புப் பிரிவு. துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெரிய தொழிற்சாலைகளிலும் பாதுகாப்பு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். காசோலை கேட்டால் தலைமையகத்தைக் கேட்க வேண்டும் என்பார்கள், ஒரு சனிக்கிழமை கேட்டால் வந்துவிடுவார்கள். உங்கள் செலவு போக்குவரத்தும் மதிய உணவும், பயிற்சியில் வெறுமையாகும் தீயணைப்பான்களை மீள நிரப்பும் பணமும். இந்த மூன்றாவதை எழுத மறந்தால் பயிற்சி முடிந்த மறுநாள் ஊரில் ஒரு தீயணைப்பானும் வேலை செய்யாது.

மாதர் சங்கத்தையும் அழையுங்கள். எரிவாயுச் சிலிண்டரை மூடுவதும், எரியும் எண்ணெய்த் தாச்சியில் தண்ணீர் ஊற்றாமல் மூடி போடுவதும் அவர்களுக்குத்தான் முதலில் தேவைப்படும்.

வெருகல், குழுத் தலைவர்: தொண்டர் ஒருவர் காயப்பட்டால்?

விண்ணப்பத்தின் வரவுசெலவில் விபத்துக் காப்புறுதியை முதல் வரியாக எழுதுங்கள், பம்பிக்கும் மேலே. கொடையாளர் அதை வெட்டினால் உறுப்பினர் சந்தாவிலிருந்து கட்டுங்கள். அது கட்டப்படும்வரை யாரையும் தீக்கு அனுப்பாதீர்கள்.