தாருக்குக் கீழே இருக்கும் வேலை

கேள்வி: நகரத்தின் நடுவில் இருக்கும் பார்க்கிங் இடத்தைப் பூங்கா ஆக்க வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாரைப் பெயர்த்துவிட்டு மரம் நட்டால் போதும்தானே?

பதில்: போதாது. தாரைப் பெயர்ப்பது சுலபமான பகுதி. அதற்கடியில் ஜல்லி, ஜல்லிக்கும் அடியில் ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் வருஷக்கணக்கில் வண்டிகள் நின்று இன்னும் இறுகிப்போன மண். கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். அந்த மண்ணில் காற்றும் இல்லை, நீர் இறங்க வழியும் இல்லை, வேர் எங்கே போகும்? நிறையப் பேர் செய்வது என்னவென்றால், நடுகிற இடத்தில் மட்டும் குழி தோண்டி நல்ல மண்ணைக் கொட்டிவிடுவார்கள். பெயருக்குத்தான் மரம், உண்மையில் அது தொட்டிச்செடி, மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓரடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் மண்ணை ஆழமாகக் கிளறி மட்கிய உரம் கலக்காமல் எதையும் நடாதீர்கள். ஆனால் கிளறுவதற்கு முன்னால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், முக்கியமாக அங்கே முன்பு பெட்ரோல் பங்க்கோ பட்டறையோ இருந்திருந்தால். எண்ணெயும் ஈயமும் கலந்த மண்ணில் குழந்தைகளை விளையாட விட முடியாது. பூங்காவுக்குள் நடைபாதை போட்ட பகுதியிலும் நிழல் வேண்டுமா? அதற்கு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய, கல்லும் மண்ணும் சேர்ந்த ஒரு கலவை இருக்கிறது: மேலே வரும் எடையைக் கல் தாங்கும், கல்லிடுக்கில் இருக்கும் மண்ணில் வேர் ஓடும்.

வளைவும் ஃபவுண்டனும் சிலையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம், பணத்தை முதலில் மண்ணில் போடுங்கள். திறப்பு விழாவில் மண்ணை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் அதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

கேள்வி: வண்டிகளை எங்கே நிறுத்துவது? கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: வரத்தான் செய்வார்கள், அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் போஸ்ட் ஆபீஸ் சதுக்கத்தில் பல மாடி கார் நிறுத்தக் கட்டடம் ஒன்று இருந்தது. 1988-ல் அதை இடித்து, பார்க்கிங்கைப் பூமிக்கடியில் ஏழு அடுக்காக இறக்கி, மேலே பூங்கா போட்டார்கள், 1992-ல் திறந்தார்கள். கீழே வரும் பார்க்கிங் கட்டணத்திலிருந்துதான் மேலே பராமரிப்பு நடக்கிறது. இது பெரும் செலவு பிடிக்கிற வழி, எல்லா ஊருக்கும் ஆகாது.

நீங்கள் முதலில் ஒரு வாரம், காலை, மதியம், இரவு என்று போய் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி இடம் காலியாகக் கிடந்தால் அந்தக் கணக்கை வைத்தே பேசலாம். நிரம்பி வழிந்தால் ஒரு மூலையை மட்டும் சில மாதங்களுக்கு மூடி, நாற்காலியும் நிழலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரிப்படாவிட்டால் எடுத்துவிடலாம் என்றால் எதிர்ப்பு குறையும்.

கேள்வி: மழைநீருக்கு இதனால் லாபம் உண்டா?

பதில்: உண்டு. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். தார் போட்ட இடத்தில் அது அநேகமாக அப்படியே, டயர்த்தூளும் எண்ணெயும் சேர்த்துக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. தரையைப் பள்ளமான தோட்டத்தை நோக்கிச் சரித்துவிட்டால் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். இரண்டு நாளுக்குள் வடிகிற மாதிரி அமையுங்கள், இல்லாவிட்டால் கொசு.

கேள்வி: முழுக்கப் புல்தரை போடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரும் ஆள்கூலியும் கேட்டுக்கொண்டே இருக்கும், வெயிலில் உட்காரவும் முடியாது. விளையாட ஒரு துண்டு புல் போதும், மீதியில் அந்த மண்ணுக்குப் பழகிய மரமும் புதரும் வையுங்கள். அவற்றுக்கும் முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். யார் ஊற்றுவது, சம்பளம் யார் கொடுப்பது என்பதை நடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.